ஸ்பெயின், பிரெஞ்சு வைன்களோடு ஓர் இராச்சாப்பாடு: நுவரெலியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் வைன் ஊற்றுவது என் வேலை. ஒவ்வொரு சுற்றுச் சாப்பாட்டுக்கும் ஒரு வைன் என்று ஸ்பெயின், பிரெஞ்சு வைன்களை வைத்து விருந்து அறிவித்தால், அடுத்த நாளே போன் வரத் தொடங்கிவிடும். ஹட்டன் பக்கத்து டீச்சர்மார், கொழும்பில் வங்கி வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள், பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் மச்சான்மார், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பிமார் என்று ஆள் மாறுமே தவிர சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இது சாப்பிடுற விருந்தா, குடிக்கிற விருந்தா?

சாப்பிடுகிற விருந்துதான். ஐந்தாறு சுற்றுகள் வரும், தட்டு ஒவ்வொன்றும் சிறியது. ஒவ்வொரு தட்டோடும் அதற்கென்று எடுத்து வைத்த வைன் ஒன்று, சுமார் 60 மில்லி ஊற்றுவோம். 750 மில்லி போத்தல் ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு வரும். வைனைத் தனியாக ஒரு வாய், சாப்பாட்டோடு ஒரு வாய் என்று பார்ப்பதுதான் அங்கே நடக்கிற ஒரே வேலை. வயிறு நிறையாது என்று பயந்து மத்தியானமே கொத்து ரொட்டி ஒரு கட்டு கட்டிவிட்டு வராதீர்கள். கடைசிச் சுற்றில் யாருக்கும் பசி இருப்பதில்லை.

அண்ணே, ஆறு கிளாஸ் உள்ள போனா வெறிக்காதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 சதவீத வைன் ஐந்து தடவை 60 மில்லி என்றால் 300 மில்லி, அதில் மதுசாரம் 39 மில்லி. கடைசியில் தரும் இனிப்பு வைன் 30 மில்லிதான், ஆனால் அது 17 சதவீதம் அளவில் இருக்கும். எல்லாம் சேர்த்தால் 44 மில்லி. அரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று வைத்தால், 130 மில்லி அரக்கில் இருப்பதும் அதே அளவுதான். இரண்டரை மணித்தியாலத்தில், சாப்பாட்டோடு, தண்ணீர் குடித்துக்கொண்டு என்றால் பெரும்பாலானவர்கள் நிதானமாகவே எழுந்து போவார்கள்.

ஆனால் வாகனம் ஓட்டுவது வேறு கதை. இரவு பத்து மணிக்கு மூடுபனிக்குள் றம்பொடை வளைவுகளில் இறங்கப் போகிறவர் ஒரு கிளாஸ்கூடக் குடிக்க வேண்டாம். ட்ரைவரோடு வாருங்கள், இல்லையென்றால் தங்கிப் போங்கள். ட்ரைவருக்கும் சாப்பாடு உண்டு, முன்கூட்டியே சொன்னால் போதும்.

வைன்னா இனிக்கும்னுதானே நெனச்சேன், இது ஏன் புளிக்குது?

நம் வீடுகளில் வைன் என்றால் நத்தாருக்கு ஊறப்போடும் இனிப்பு வைன்தான். நிறையச் சீனி போட்டது அது. திராட்சைச் சாற்றில் இருக்கும் சீனியை ஈஸ்ட் தின்றுதான் மதுசாரம் உண்டாகிறது. கடைசிவரை தின்ன விட்டால் சீனி மிஞ்சாது, திராட்சையின் புளிப்பு மட்டும் நிற்கும். ஐரோப்பாவில் சாப்பாட்டு மேசைக்கு வரும் வைன் பெரும்பாலும் இந்த வகை.

அந்தப் புளிப்புக்கு வேலை இருக்கிறது. வாயில் எச்சில் ஊற வைத்து அடுத்த கவளத்துக்கு இடம் செய்யும். வெறுமனே குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் அல்பாரினோ என்ற ஸ்பெயின் வெள்ளை வைன், பொரித்த இறாலோடு வரும்போது யாரும் புளிப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

வாயெல்லாம் இழுத்துப் பிடிக்குது, கெட்டுப்போன வைனா?

இல்லை, அது டானின். சிவப்பு வைனைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்து ஊற வைப்பதால் வருவது. மலையகத்துக்காரருக்கு இதை விளக்க நான் கஷ்டப்படுவதே இல்லை. தேயிலைத் தூளை அதிக நேரம் ஊறவிட்ட சாயத் தண்ணியை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், பல்லும் ஈறும் உலர்ந்து இழுக்கும். அதே இழுவைதான் இது. கொழும்பு விருந்தாளிகளைவிட எங்கள் ஊர்ப் பெரியம்மாமார் இதைச் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள்.

தேத்தண்ணிக்குப் பால் விட்டால் அந்த இழுவை ஏன் குறைகிறது? பாலின் புரதத்தை டானின் பற்றிக்கொள்கிறது, நாக்கை விட்டுவிடுகிறது. இறைச்சியும் கொழுப்பும் சீஸும் வைனுக்கு அதே உதவியைச் செய்யும். பிரான்சின் பொர்தோ பகுதிச் சிவப்பு வைனை ஆட்டிறைச்சியோடு வைப்பது இதற்காகத்தான். தனியாகக் குடித்துவிட்டு அதை மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

கிளாஸை சுத்துறது, மூக்கை உள்ள விடுறது எல்லாம் ஸ்டைலுக்கா?

டீ டேஸ்டர் கரண்டியால் ‘சர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவதைத் தோட்டத்து பெக்டரியில் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். காற்றுப் பட்டால் வாசம் எழும்பும், நாம் ருசி என்று நினைப்பதில் பெரும் பங்கு மூக்கின் வேலை. கிளாஸைச் சுற்றுவதும் அதற்கே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாததும் சுற்ற இடம் வேண்டும் என்பதால்தான், கஞ்சத்தனத்தால் அல்ல. துப்புவதற்கு வாளியும் வைத்திருக்கிறோம். யாராவது துப்பினால் அவமரியாதை என்று எங்கள் சமையல்காரர் நினைக்கமாட்டார்.

ஏன் இந்த ரெண்டு நாட்டு வைன் மட்டும்? அவுஸ்திரேலியா வைன் மலிவாச்சே?

மலிவுதான், நல்லதும் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் ஒரு கதை கிடைக்கிறது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்செரா என்ற பேன் போன்ற பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்னத் தொடங்கியது. தோட்டம் தோட்டமாகச் செத்தது. பொர்தோ வியாபாரிகள் வைன் தேடி மலைக்கு அப்பால் ஸ்பெயினின் ரியோஹாவுக்குப் போனார்கள். அங்கே ஆரோ என்ற ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றி வைன் கூடங்கள் எழும்பின. 225 லீட்டர் பொர்தோ பீப்பாயில் வைனை ஊற வைக்கும் பழக்கம் ரியோஹாவில் பரவி நிலைத்ததில் அந்தப் பொர்தோ தொடர்புக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அமெரிக்க வேர்க்கட்டையில் ஐரோப்பியத் திராட்சையை ஒட்டுக் கட்டித்தான் இரண்டு நாடும் பிழைத்தன.

நம் மலைகளில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். அதே காலத்தில், 1869 வாக்கில்தான் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட தேயிலை, கோப்பி செத்த இடமெல்லாம் பரவியது. கோப்பிக்கு வந்த நம் முன்னோர் தேயிலைக்கு நின்றார்கள். அங்கே ஒரு பூச்சி, இங்கே ஒரு பூஞ்சணம். விருந்தில் இதைச் சொன்னால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் நிமிர்வார்கள்.

போத்தல்ல திராட்சைப் பேரே இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டிம்புள்ள, ஊவா என்று தேயிலைப் பெட்டியில் போடுவது போலவே அவர்களும் இடத்தின் பெயரைப் போடுகிறார்கள். அந்த இடத்தின் பெயர் வேண்டுமென்றால் இன்ன திராட்சை, இன்ன முறை என்று சட்டம் இருக்கிறது. பிரான்சில் அதற்கான ஏற்பாடு 1935இல் வந்தது. ரியோஹாவுக்கு அந்த அந்தஸ்து 1925லேயே கிடைத்துவிட்டது.

அதனால் சில இடங்களை மட்டும் மனதில் வைத்தால் போதும். பிரெஞ்சுப் பக்கம் சிவப்பு பர்கண்டி என்றால் பினோ நுவார், வெள்ளை என்றால் ஷார்டொனே. ஷப்ளியும் ஷார்டொனேதான். பொர்தோ சிவப்பு என்றால் காபர்னே சோவினியோனும் மெர்லோவும் கலந்தது. போஜோலே என்றால் காமே. சான்செர் வெள்ளை என்றால் சோவினியோன் ப்ளாங்க், வூவ்ரே என்றால் ஷெனின் ப்ளாங்க். வடக்கு ரோன் சிவப்பில் சீரா. ஸ்பெயின் பக்கம் ரியோஹா சிவப்பில் முக்கியமாகத் தெம்பிரானியோ, ருவேதாவில் வெர்தேஹோ, மழை கொட்டும் வடமேற்குக் கரையான ரியாஸ் பைஷாஸில் அல்பாரினோ. பிரான்சின் அல்சாஸ் மட்டும் நல்ல பிள்ளை, திராட்சைப் பெயரையும் லேபிளில் போட்டுவிடும்.

பேரு வாயில நுழையல, ஓடர் பண்ண வெட்கமா இருக்கு.

பட்டியலில் விரலை வைத்துக் காட்டுங்கள். நாங்களே பாதிப் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை.

கிரியான்சா, ரிசர்வா, கிரான் ரிசர்வானு போட்டிருக்கே, விலைக்காகப் போடுறதா?

ரியோஹாவில் இது சட்டப்படி வயதைச் சொல்லும் சொல். சிவப்பு வைனில் கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு வருடம், அதில் ஒரு வருடம் ஓக் பீப்பாயில். ரிசர்வா மூன்று வருடம், அதிலும் ஒரு வருடம் பீப்பாயில். கிரான் ரிசர்வா ஐந்து வருடம், பீப்பாயில் குறைந்தது இரண்டு. வேறு நாட்டு லேபிளில் ‘ரிசர்வ்’ என்று இருந்தால் இதே அர்த்தம் என்று நம்பிவிடாதீர்கள், பல இடங்களில் அது வெறும் அலங்காரம்.

ரியோஹாவின் பழைய பாணிக் கூடங்கள் அமெரிக்க ஓக்கைத்தான் விரும்பும். அந்த மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசம் தருவது. வனிலா வாசமும் கூடவே வரும். தேங்காய்ப்பால் விட்ட இறைச்சிக் கறிக்கு இந்தப் பட்டியலில் நான் முதலில் கை வைப்பது ரியோஹா ரிசர்வா மேல்தான். பொர்தோ ஆள் ஒருவர் மேசையில் இருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார்.

காவாவும் ஷாம்பேனும் ஒண்ணுதானே? ஏன் ஒண்ணு இவ்வளவு விலை?

செய்யும் முறை ஒன்று. இரண்டிலும் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்துத்தான் நுரையை உண்டாக்குகிறார்கள். ஷாம்பேன் வட பிரான்சின் குளிர்ந்த மண்ணில் விளைந்தது, வருடம் போடாத சாதாரண ஷாம்பேன்கூடக் குறைந்தது 15 மாதம் போத்தலில் கிடக்க வேண்டும். காவா பெரும்பாலும் ஸ்பெயினின் கத்தலோனியாவில் மக்கபேயோ, ஷரேல்லோ, பரெய்யாதா என்ற திராட்சைகளில் செய்வது, அதற்குக் குறைந்தது 9 மாதம். நிலத்தின் விலை, பெயரின் விலை எல்லாம் ஷாம்பேனில் சேர்ந்துவிடும். கட்லட்டும் வடையும் சாப்பிடும்போது ஷாம்பேனுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

லேபிளில் ‘ப்ரூட்’ என்றால் லீட்டருக்கு 12 கிராமுக்குமேல் சீனி இல்லை. வைன் பேச்சில் ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது, ஆனால் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று இருந்தால் ப்ரூட்டைவிட இனிப்புக் கூடியது. பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு.

உண்மையச் சொல்லுங்க, நம்ம கறிக்கு வைன் ஒத்துப் போகுமா?

எல்லாக் கறிக்கும் போகாது. எதற்குப் போகாது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எதிரி மிளகாய். மிளகாயின் காரம் ருசி அல்ல, நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டும் எரிச்சல். மதுசாரமும் அதே நரம்பைத்தான் தட்டுகிறது. டெவல்ட் சிக்கனுக்கு மேல் 14.5 சதவீதச் சிவப்பு வைனை ஊற்றினால் காரம் கொழுந்து விட்டு எரியும், டானின் அதில் இன்னும் கொஞ்சம் விறகு போடும். விலை உயர்ந்த பொர்தோவைக் கட்டா சம்பலோடு குடித்துவிட்டு “இதுக்கா இவ்வளவு காசு” என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. வைனிலும் குறை இல்லை, சம்பலிலும் குறை இல்லை.

காரம் இருக்கும் தட்டுக்கு மதுசாரம் குறைவாக, டானின் இல்லாமல், கொஞ்சம் இனிப்பாக, நன்றாகக் குளிர வைத்த வைன் வேண்டும். வூவ்ரேயில் ‘தெமி செக்’ என்று போட்ட போத்தல் அப்படிப்பட்டது. அல்சாஸின் கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைனின் ரோஜா, லைச்சிப் பழ வாசம் ஏலம், கறுவாவோடு நன்றாகப் போகும், ஆனால் மதுசாரம் கூடியதும் உண்டு, லேபிளைப் பாருங்கள். ஸ்பெயினில் நவாரா பகுதியில் கர்னாச்சா திராட்சையில் செய்யும் ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு வைன், நல்ல துணை.

இரண்டாவது புளி. கொறுக்காய்ப் புளியும் எலுமிச்சையும் தூக்கலாக இருக்கும் கறியோடு புளிப்புக் குறைந்த வைன் சப்பென்று ஆகிவிடும். அங்கே சான்செரோ அல்பாரினோவோ வேண்டும். வினாகிரி போட்ட அச்சாறுக்கு எந்த வைனும் தாங்காது, அச்சாறை அந்த இரவு மட்டும் மறந்துவிடுங்கள். மிளகு மட்டும் நண்பன். சீரா வைனில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள், கறுப்பு மிளகில் இருப்பதும் அதுதான். மிளகு தூக்கலாக வறட்டிய ஆட்டிறைச்சியோடு வடக்கு ரோன் சீராவைக் குடித்தவர்கள் எங்களிடம் அந்தப் போத்தலின் படத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அப்ப உங்க மெனுவில எதுக்கு எது வரும்?

மாதத்துக்கு மாதம் மாறும், எலும்புக்கூடு இப்படி. வந்து உட்கார்ந்ததும் கட்லட்டும் குட்டி வடையும், கூடவே காவா. பொரித்த எதற்கும் நுரை வைன் பொருந்தும், எண்ணெயைக் கழுவிவிடும். அடுத்து வெண்ணெயில் வாட்டிய ட்ரவுட் அல்லது இறால், அதற்கு அல்பாரினோ. மூன்றாவதாக நுவரெலியா லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், அதற்கு ஷப்ளி. நாலாவது காளானும் பீட்ரூட்டும், அதற்குக் கொஞ்சம் குளிர்ந்த போஜோலே அல்லது பினோ நுவார். பீட்ரூட்டின் மண் வாசத்துக்குப் பினோ நுவாரை விடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. ஐந்தாவது ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும், மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டியது, ரியோஹா ரிசர்வாவோ சீராவோ வரும்.

கடைசியில் வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அதன் முன் சாதாரண வைன் எதுவும் நிற்காது. பலகாரத்தைவிட வைன் இனிப்பாக இருக்க வேண்டும். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் வரும் பெத்ரோ ஹிமேனேஸ் என்ற வைன் வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்வது, கறுத்து, பாகு மாதிரி ஒழுகும். பிரெஞ்சுப் பக்கம் சொதேர்ன் என்ற இனிப்பு வைன் இருக்கிறது, அது இதற்குக் கொஞ்சம் மென்மை. காரம் பிடிக்கும், குறைக்கவே கூடாது என்பவர்கள் முன்பே சொல்லுங்கள், ஐந்தாவது வைனை மட்டும் மாற்றிவிடுவோம்.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்கு சிவப்புனு சட்டமா?

சட்டம் இல்லை, காரணம் இருக்கிறது. சிவப்பு வைனில் இருக்கும் இரும்பு, மீன் எண்ணெயோடு சேரும்போது வாயில் தகரம் கடித்த மாதிரி ஒரு ருசியும் கவிச்சு வாடையும் வரும். சூரை போன்ற எண்ணெய் மீனில் இது கூடுதல். டானின் குறைந்த போஜோலேயைக் குளிர வைத்துத் தந்தால் பல மீன் கறிகளுக்குப் பொருந்தும். கோழி எந்தப் பக்கமும் சாயும்.

ரெட் வைனை அறை வெப்பத்தில தரணும்னு சொல்வாங்க. அப்ப ஏன் கொழும்புல ஐஸ் வாளியில வைக்கிறாங்க?

அந்தப் பேச்சு ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டு அறையைப் பற்றியது. கனமான சிவப்பு வைனுக்கு 16 முதல் 18 பாகை, இலேசான சிவப்புக்கு 13 அளவில், வெள்ளைக்கு 8 முதல் 12, நுரை வைனுக்கு 6 முதல் 8. கொழும்பின் 30 பாகையில் சிவப்பு வைன் மதுசார நெடி மட்டும் அடிக்கும், அதனால் பத்து இருபது நிமிடம் ஐஸில் வைப்பது சரிதான். நுவரெலியாவின் வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான். நாட்டிலேயே ‘அறை வெப்பம்’ என்ற பேச்சு அப்படியே பொருந்தும் ஊர் எங்களுடையது. ஜனவரி இரவில் மட்டும் போத்தல் அளவுக்குமேல் குளிர்ந்துவிடும், அப்போது கிளாஸைக் கைக்குள் வைத்துச் சூடாக்கச் சொல்வேன்.

இங்க காவா திறந்தா ஏன் இப்படிப் படார்னு வெடிக்குது?

உயரத்துக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1868 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நாலு பங்குதான். போத்தலுக்குள்ளே இருப்பதோ காற்றழுத்தத்தைப்போல ஐந்தாறு மடங்கு. வெளியே தடுக்கும் காற்று இங்கே கொஞ்சம் குறைவு என்பதால் கார்க் சற்று வேகமாகக் கிளம்பும், நுரையும் பொங்கும். நன்றாகக் குளிர வைத்து, கார்க்கை இறுக்கிப் பிடித்து, போத்தலைத் திருப்புங்கள், கார்க்கைத் திருப்பாதீர்கள். புதுத் தம்பிமாருக்கு: முகத்துக்கு நேரே வேண்டாம், பெரியவர்கள் பக்கமும் வேண்டாம்.

கொஞ்சமா ஊத்திட்டு என் மூஞ்சியப் பாக்கிறாங்களே, நான் என்ன சொல்லணும்?

பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கெட்டிருக்கிறதா என்று கேட்கிறோம். கார்க்கில் சில வேளை டிசிஏ என்ற பொருள் உண்டாகி வைனுக்கு நனைந்த காட்போட் பெட்டி வாடை வந்துவிடும். முகர்ந்து பாருங்கள், அந்த வாடை இல்லையென்றால் தலையை ஆட்டுங்கள். வாடை இருந்தால் சொல்லுங்கள், வேறு போத்தல் திறப்பது எங்கள் கடமை. “எனக்கு ருசி பிடிக்கல” என்பதற்கு மட்டும் போத்தலை மாற்றமாட்டோம்.

நான் சைவம். வைன்ல முட்டை போடுறாங்கனு கேள்விப்பட்டேன், நிஜமா?

சில வைனில் நிஜம். கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவையோ பால் புரதத்தையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையையோ விடுவார்கள். அது கசடோடு அடியில் படியும், பிறகு வைனை மேலாக எடுத்துவிடுவார்கள். பொர்தோ, ரியோஹா சிவப்புகளில் வெள்ளைக்கரு பழைய வழக்கம். இப்போது பென்டோனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்தும் கூடங்களும் பல. ‘வீகன்’ என்று லேபிளில் போட்டதை உங்களுக்கு எடுத்து வைப்போம். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் இதை முன்பே சொன்னால் எனக்கும் நிம்மதி.

நான் தொடுறதே இல்ல. வீட்டுக்காரருக்கு ஆசை. நானும் வரலாமா?

தாராளமாக வாருங்கள். குடிக்காதவர்களுக்கு அதே சுற்றுகளுக்குத் தேயிலையை வைத்துத் தருகிறோம். குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறிய நுவரெலியா தேயிலை மீனுக்கு, சாயம் கூடிய டிம்புள்ளத் தேயிலை இறைச்சிக்கு. டானின் கேள்வியில் சொன்ன அதே கணக்கு இங்கேயும் வேலை செய்யும். கட்டணமும் குறைவு.

பொம்பளைங்களுக்கு ஊத்துறது சட்டப்படி சரியா? ஊர்ல கதைப்பாங்களே?

1979ஆம் ஆண்டுக் கட்டளை ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். ஆனால் ஹோட்டல் உணவகங்களில் பெண்கள் வைன் அருந்துவது நெடுங்காலமாக நடப்பதுதான், யாரும் தடுப்பதில்லை.

ஊர்க் கதை வேறு. கசிப்பும் சம்பள நாள் சாராயமும் லயத்து வீடுகளில் செய்ததைப் பார்த்து வளர்ந்த அம்மாமார் மது என்றாலே முகத்தைத் திருப்புவதற்கு நியாயம் இருக்கிறது. அவர்களை மேசைக்கு இழுத்து வந்து “ஒரு வாய்தானே” என்று வற்புறுத்துவதை நான் அனுமதிப்பதில்லை.

போயா அன்னைக்கு லீவு, அன்னைக்கு டேபிள் கிடைக்குமா?

மேசை கிடைக்கும், வைன் கிடைக்காது. போயா நாளில் மது விற்பனை நாடு முழுக்கத் தடை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளிலும் இல்லை, அடையாள அட்டை கேட்டால் கோபிக்காதீர்கள்.

ப்ரான்ஸ்ல அஞ்சு யூரோ விக்கிற போத்தலுக்கு இங்க இவ்வளவா?

பாரிஸ் மச்சான்மார் எல்லாரும் கேட்பது. இறக்குமதி வரிகள், கப்பல், கொழும்பிலிருந்து மலை ஏற்றும் செலவு, உடையும் போத்தல் எல்லாம் அதில் அடங்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம், அதோடு 10 சதவீதச் சேவைக் கட்டணம். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இவை இன்னும் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். ‘நெட்’ என்று இருந்தால் அதுதான் முழு விலை. புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள், பில் வந்த பிறகு முகம் வாட வேண்டாம்.

பழசாகப் பழசாக வைன் நல்லா இருக்கும்தானே? எங்கிட்ட பத்து வருசமா ஒரு போத்தல் இருக்கு.

என்ன வைன் என்பதைப் பொறுத்தது. உலகத்தில் விற்கும் வைனில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிப்பதற்குச் செய்தது. ஃபினோ ஷெரி (ஹெரெஸ் பகுதியின் வெள்ளை வைன், பினோ நுவார் அல்ல), அல்பாரினோ, சாதாரண போஜோலே எல்லாம் வைத்திருந்தால் வீண். நல்ல பொர்தோ, கிரான் ரிசர்வா, சொதேர்ன் போன்றவை தாங்கும், அதுவும் குளிர்ந்த இருட்டில் படுக்க வைத்திருந்தால். உங்கள் போத்தல் கொழும்பு வீட்டு அலுமாரியில் நிமிர்ந்து நின்றிருந்தால் ஆசை வைக்காதீர்கள். நுவரெலியா வீட்டில் என்றால் ஒரு வாய்ப்பு இருக்கிறது, கொண்டு வாருங்கள் பார்ப்போம்.

சொந்தப் போத்தல் கொண்டு வரலாமா? மிஞ்சினா வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

கொண்டு வரலாம், கார்க்கேஜ் என்று போத்தலுக்கு ஒரு கட்டணம் உண்டு. விருந்து நாளில் மட்டும் வேண்டாம், வரிசை குழம்பும். நீங்கள் முழுப் போத்தலாக வாங்கி மிஞ்சியதைக் கார்க் அடித்துத் தருவோம்.

வீட்டில் வெள்ளையும் ரோஸேயும் ப்ரிட்ஜில் மூன்று நாள் நிற்கும். சிவப்பும் ப்ரிட்ஜிலேயே வையுங்கள், குடிக்க அரை மணி முன் வெளியே எடுங்கள். நுரை வைன் அடுத்த நாளே தளர்ந்துவிடும். பெத்ரோ ஹிமேனேஸ் மட்டும் மாதக்கணக்கில் கெடாது. வனிலா ஐஸ்கிறீமுக்கு மேல் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள், பிள்ளைகள் தட்டில் மட்டும் வேண்டாம்.